பிளைவீல் வரைக்கும் ஒரே மூச்சு

பூவத்தில் ஒரு வயலோரம் பம்புசெட்டைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். வரப்பில் ஒரு சைக்கிள் வருவது தெரிந்தது. வந்தது என் மச்சினன் யூசுப், என் மனைவி மைமூனை லாத்தா என்று கூப்பிடுகிற தம்பி. அவன் அந்தச் சைக்கிளை ஒருநாளும் ஸ்டாண்டு போடாமல் விட்டதில்லை. புது வண்டி, துடைத்துத் துடைத்து வைத்திருப்பான். அன்றைக்கு அதை அப்படியே வரப்பில் விழ விட்டுவிட்டு நடந்து வந்தான். அது விழுந்த சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அன்று காலையில்தான் ஆஸ்பத்திரியில் மைமூன், காய்ச்சல் இறங்கியிருக்கிறது, நீங்கள் வேலைக்குப் போய் வாருங்கள் என்று என்னை அனுப்பிவைத்திருந்தாள்.

"மச்சான், வாங்க. லாத்தா போயிட்டாங்க" என்றான்.

சரி என்றேன். மீதியிருந்த நட்டுகளை முடுக்கினேன். ஸ்பானரைத் துடைத்துப் பையில் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தேன். நிலத்துக்காரர் வந்து, "விடுங்க தம்பி, நான் பாத்துக்கறேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் எழுந்தேன். அன்றைக்கு உள்ளே மரத்துப் போனது இன்னும் முழுசாக விடவில்லை. அதனால் இதை எழுதுகிறவனுக்குத் துக்கமே இல்லையா என்று உங்களில் யாருக்காவது தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மைமூனிடம் ஓதிய பெண்கள் கேட்டதால் எழுதுகிறேன். இந்தத் தெருவிலும் பக்கத்துத் தெருக்களிலும் உள்ள வீடுகளில் முக்கால்வாசிப் பெண் பிள்ளைகள் அவளிடம்தான் குர்ஆன் ஓதப் படித்தார்கள். மைமூன் லாத்தா என்றால் உங்களுக்கு அந்தக் குரல் ஞாபகம் வரும். மேசையில் விரலால் தட்டிக்கொண்டே கண்ணை மூடி அவள் கேட்கிற விதம் ஞாபகம் வரும். தப்பாக ஓதினால் அடிக்கமாட்டாள், திட்டமாட்டாள், தட்டுகிற விரல் நின்றுவிடும். அது போதும், பிள்ளை திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்கும். அவ்வளவு நீங்களே அறிவீர்கள். அதே காதால் அவள் என் மூச்சையும் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது உங்களுக்குத் தெரியாது.

நான் நாகப்பட்டினத்துக்காரன். சென்னையில் டீசல் என்ஜின் வேலை படித்துவிட்டு, காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இறங்கிய சமயத்தில் இங்கே வேலைக்கு வந்தேன். பிறகு மைமூனைக் கட்டினேன். எங்கள் மக்களின் வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து இருக்க வேண்டும். மாமனார் பினாங்கில் கடையோடு இருந்தார். வீட்டில் மாமி, மைமூன், யூசுப். மாமியார் மாப்பிள்ளைக்கு எதிரில் வருவதும் கிடையாது, நேராகப் பேசுவதும் கிடையாது. என் அறைக்கும் அடுக்களைக்கும் நடுவில் ஒரு பச்சைத் திரை தொங்கும். மாமி என்றால் எனக்கு அந்தத் திரைக்குப் பின்னால் இருக்கும் ஒரு குரல்தான்.

நான் சாப்பிட உட்கார்ந்தால் திரைக்குள்ளிருந்து கேட்கும்: "மைமூனு, மாப்பிள்ளைக்கு இன்னும் ஒரு துண்டு மீன் வக்கட்டுமான்னு கேளு." நான் கை நீட்டினால் திரையைத் தொட்டுவிடலாம், அவ்வளவு கிட்டே. ஆனாலும் மைமூன் என் பக்கம் திரும்பிக் கேட்பாள். போதும் என்று சொல்லச் சொல்வேன். அவள் அந்தப் பக்கம் திரும்பி, "போதுமாம் உம்மா" என்பாள். கூச்சப்பட வேண்டாம் என்று சொல்லச் சொல்லி மறுபடி குரல் வரும். ஒருநாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு பக்கத்துக்கும் பொதுவாகச் சொன்னாள்: "எனக்குத் தபால் ஆபீஸ் வேலை போட்டுக் குடுத்துட்டீங்க. காக்கிச் சட்டை மட்டும்தான் பாக்கி." திரைக்குப் பின்னால் மாமி சிரிப்பை அடக்குவது கேட்டது.

அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த பெரிய மரியாதை சாம்பிராணிப் புகை. வியாழக்கிழமை தோறும் அந்தியில் மஃரிபு தொழுகைக்குப் பிறகு மாமி தணல் சட்டியில் சாம்பிராணி தூவி, முதலில் மாப்பிள்ளை அறைக்குத்தான் அனுப்புவார். புகை வீணாகக் கூடாது என்று ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். நான் புகைக்கு நடுவில் மரியாதையோடு உட்கார்ந்திருப்பேன். வேண்டாம் என்று சொல்ல எந்த மாப்பிள்ளைக்கும் வாய் வராது. ஆரம்பத்தில் தும்மல்தான். பிறகு விடிகிற நேரத்தில் வறட்டு இருமல். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலை சுபுஹு நேரத்தில் எழுந்து உட்கார்ந்தபோது மூச்சு உள்ளே போனது, வெளியே வர மறுத்தது. நெஞ்சுக்குள் யாரோ சீட்டி அடிப்பது போலச் சத்தம்.

சின்ன வயதில் எனக்கு அப்படி வந்ததே இல்லை. இழுப்பு என்றால் குழந்தைகளுக்கு வரும், இல்லையென்றால் தாத்தாக்களுக்கு வரும் என்றுதான் எங்கள் எல்லோருக்கும் நினைப்பு. தோளில் என்ஜின் தூக்குகிற ஆளுக்கு அது எப்படி வரும்? கண்ணுபட்டுவிட்டது என்று மாமி முடிவு கட்டினார். கண்ணேறு கழிய மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டார்கள், அதே சட்டியில். வியாழக்கிழமைப் புகை திங்கட்கிழமையும் வர ஆரம்பித்தது. எனக்கு வந்த நோய்க்கும் அதற்கு மாமி கொடுத்த மருந்துக்கும் ஒரே சட்டி என்பது அப்போது யாருக்கும் தெரியவில்லை. பாவம், என் மேல் உள்ள பிரியத்தால் என்னைக் கருவாடு போடப் பார்த்தார்.

முதலில் கண்டுபிடித்தவள் மைமூன். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவில்லை. ஒரு சாயங்காலம் காரைக்கால்மேட்டில் பார்த்த வேலையைப் பற்றி அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு படகுக்கு மோட்டார் பொருத்த முடியுமா என்று அங்கே கேட்டிருந்தார்கள். அவள் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும்போது செய்வது போலக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். திடீரென்று கண்ணைத் திறந்தாள்.

"நிப்பாட்டக் கூடாத எடத்துல நிப்பாட்டுறீங்க."

என்ன என்றேன்.

"‘காரைக்கால்மேட்டுல ஒரு’ன்னு சொல்லிட்டு நிக்கிறீங்க. அப்புறம் ‘படகு’ங்கறீங்க. ‘ஒரு’வுக்குப் பின்னாடி யாராச்சும் மூச்சு விடுவாங்களா?"

ஓதுவதில் எங்கே மூச்சு விடலாம், எங்கே விடக் கூடாது என்று குறி உண்டு. விடக் கூடாத இடத்தில் விட்டால் சொல் துண்டாகிவிடும். அதைப் பிடிப்பதுதான் அவள் நாள் முழுக்கச் செய்கிற வேலை. நான் உன் மாணவி இல்லை என்று சொல்லிச் சிரித்தேன். அப்போது எனக்கு இருமல் இல்லை, நெஞ்சில் சத்தம் இல்லை, நன்றாகத்தான் இருந்தேன். மறுநாள் விடியும்போது இழுப்பு வந்தது. அடுத்த முறையும் அப்படித்தான். அவள் காதுக்கு முந்தின நாளே கேட்டுவிட்டது.

ஆஸ்பத்திரிக்குப் போனோம். பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்து இருக்கிற வயதான டாக்டர், தமிழை நிதானமாகப் பேசுவார். மைமூன் வெள்ளைத் துப்பட்டியைத் தலைமேல் போர்த்துக்கொண்டு ஒரு ஓரமாக நின்றாள். வளர்ந்த பிறகும் இந்த நோய் புதிதாகத் தொடங்கும் என்று டாக்டர் சொன்னார். ஆனால் வளர்ந்தவர்கள் இதைச் சளி என்பார்கள், வேலைக் களைப்பு என்பார்கள், நோய் என்று மட்டும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். அதனால் அது முற்றிய பிறகுதான் வருவார்கள். வருவதற்கு முன்னால் உடம்பு ஏதாவது சொல்லுமே, உங்களுக்கு என்ன சொல்கிறது என்று கேட்டார். ஒன்றும் இல்லை, திடீரென்று வருகிறது என்றேன்.

துப்பட்டிக்குள்ளிருந்து பதில் வந்தது. "இவங்க சொல்றத எழுதாதீங்க டாக்டர். மொத நாளே தெரியும். தாவாக்கட்டையச் சொறிவாங்க. வரிசையாத் தும்முவாங்க. தூக்கமே வராது, ஆனா கொட்டாவி விடுவாங்க. மாடி ஏறி வந்து எதையோ தேடற மாதிரி நிப்பாங்க, மூச்சு வாங்கறது எனக்குத் தெரியக் கூடாதுன்னு. படுக்கறப்ப இன்னொரு தலகாணி கேப்பாங்க. காரணமில்லாம எரிஞ்சு விழுவாங்க. அப்புறம் பேச்சு துண்டு துண்டா வரும்."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நோய் உங்ககிட்ட, அடையாளம் எல்லாம் அவங்ககிட்ட இருக்கு" என்றார். அவள் சொன்ன அடையாளம் ஒன்று தெரிந்தாலே மாத்திரை போட வேண்டும், சீட்டிச் சத்தம் கேட்கிற வரை காத்திருக்கக் கூடாது என்றார். உட்கார்ந்த இடத்திலேயே ஒரு வாக்கியத்தை முடிக்க முடியவில்லை, உதடு கறுக்கிறது, மாத்திரைக்கும் அடங்கவில்லை என்றால் வீட்டில் எதுவும் செய்து பார்க்காமல் உடனே ஊசி போட வந்துவிட வேண்டும் என்றும் சொன்னார். எழுந்திருக்கும்போது, தூசி, புகை எதற்காவது வருகிறதா என்று கேட்டார். நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

புகை நின்றுபோக வேண்டும், மாமியின் மனசு நோகக் கூடாது. மாப்பிள்ளைக்குச் சாம்பிராணி ஆகவில்லை என்று சொன்னால், இத்தனை நாள் நான்தான் அவரை இப்படிப் படுத்தினேனா என்று உம்மா சாப்பிடாமல் கிடப்பார் என்றாள் மைமூன். அடுத்த வியாழக்கிழமை சட்டி திரையைத் தாண்டி வந்தது. அவள் வாசலிலேயே அதை வாங்கிக்கொண்டு நேரே கொல்லைக்குப் போனாள். தலைமுடியை அவிழ்த்துப் புகைக்கு மேல் விரித்துக்கொண்டாள். அதற்கடுத்த வியாழனும் அப்படியே. மாமிக்குப் பொறுக்கவில்லை. "மாப்பிள்ளைக்கு அனுப்புனா இவ முடியக் காயவக்கிறா. வெக்கங்கெட்டவ" என்று திரைக்குள்ளிருந்து வைதார்.

"முடி நல்லாருந்தா அதுவும் ஒங்க மாப்பிள்ளைக்குத்தானே உம்மா" என்று கொல்லையிலிருந்து பதில் போனது.

அந்தப் பேச்சை அவள் கடைசிவரை வாங்கிக்கொண்டாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் நீங்கள் கூட, மைமூனுக்கு முடி மேல் அப்படி ஒரு ஆசை என்று சொல்லியிருப்பீர்கள். அவளுக்கு அப்படி ஒன்றும் பெரிய முடி இல்லை.

அவள் சொன்ன அடையாளங்களிலேயே என்னை மிகவும் சீண்டியது கோபம். இழுப்பு வரும் முன்னால் நான் எரிந்து விழுவேன் என்பது உண்மைதான். அதனால் நான் எப்போது குரலை உயர்த்தினாலும் அவள் மாத்திரைப் புட்டியை எடுக்க ஆரம்பித்தாள். ஒருநாள் யூசுப் என்னைக் கேட்காமல் என் டயர் பம்பை யாருக்கோ இரவல் கொடுத்துவிட்டான். நான் சத்தம் போட்டேன். மைமூன் யூசுப்பிடம், "நீ பதில் பேசாதே, இது அவரு இல்ல, வியாதி" என்றாள். எனக்கு இன்னும் ஏறிவிட்டது. இது வியாதி இல்லை, நிஜமான கோபம் என்றேன்.

"அப்படியா? அப்ப ஒரே மூச்சுல திட்டுங்க, பாப்போம்."

திட்டினேன். பம்பு, இரவல் வாங்கியவன், யூசுப், அவன் சைக்கிள், அதைத் துடைக்கிற துணி எல்லாவற்றையும் இடையில் நிற்காமல் திட்டி முடித்தேன். அவள் கண்ணை மூடி, விரலால் தட்டிக்கொண்டே கேட்டாள். முடிந்ததும், "நல்ல மூச்சு. இது கோவம்தான். யூசுப்பு, போயி பம்ப வாங்கிட்டு வா" என்றாள். யூசுப் சிரித்துக்கொண்டே போனான். எனக்கும் கோபத்தை வைத்துக்கொள்ள வழியில்லாமல் போயிற்று.

அங்கிருந்துதான் அந்தப் பரீட்சை பிறந்தது. தினம் காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் நான் ஒரே மூச்சில் எதையாவது சொல்ல வேண்டும். தினமும் யூசுப்பைத் திட்ட முடியாது. உங்களுக்கு மனப்பாடமாக என்ன தெரியும் என்று கேட்டாள். என்ஜினை மேலிருந்து கீழே பிரிக்கிற வரிசை தெரியும் என்றேன். சொல்லிக் காட்டினேன்: இன்ஜெக்டர், ராக்கர், வால்வு, ஸ்பிரிங், ஹெட், லைனர், பிஸ்டன், ரிங்கு, பின்னு, கனெக்டிங் ராடு, பேரிங்கு, கிராங்கு, பிளைவீல். அவளுக்குப் பிடித்துப் போயிற்று. இப்படிக் கடகடவென்று சொல்லக் கூடாது, ஓதுகிற மாதிரி இழுத்து நிதானமாகச் சொல்ல வேண்டும் என்று ஒரு ராகம் போட்டுக் கொடுத்தாள். பிளைவீல் வரைக்கும் ஒரே மூச்சில் போனால் வேலைக்குப் போகலாம். கிராங்கில் நின்றால் மாத்திரை போட்டுக்கொண்டு தூசி இல்லாத வேலையாகப் பார்க்க வேண்டும். அதற்கு முன்னாலேயே நின்றால் மாத்திரை போட்டுக்கொண்டு வீட்டிலேயே இருக்க வேண்டும். சட்டம் அவளுடையது. மேல்முறையீடு கிடையாது.

அவற்றில் ஒன்றைக் கூட அவள் கண்ணால் பார்த்ததில்லை. ஒருமுறை, "இந்தக் கனெக்டிங்குக்கும் ராடுக்கும் நடுவுல மட்டும் நிக்காதீங்க. ரெண்டும் ஒண்ணுதான்னு கேட்டாலே தெரியுது" என்றாள். ஆமாம், ஒன்றுதான் என்றேன். தெருவாசலில் ஓத வந்து காத்திருக்கும் பிள்ளைகளுக்கு இது தினப்படி வேடிக்கை. சீக்கிரமே அவர்களுக்கும் வரிசை மனப்பாடமாகிவிட்டது. உங்கள் வீட்டுப் பெண்கள் கல்லாங்காய் ஆடும்போது இன்ஜெக்டர், ராக்கர் என்று ராகம் போட்டது எங்கிருந்து வந்தது என்று நீங்கள் யோசித்திருந்தால், இதுதான் காரணம்.

போன தை மாதம் கதிரடிப்பு நடந்த சமயம். கருக்களாச்சேரிப் பக்கம் ஒரு வேலைக்கு அவசரமாகக் கூப்பிட்டிருந்தார்கள். வழியெல்லாம் களம், பதர்த் தூசி. அன்று காலை வரிசை சொன்னேன். கனெக்டிங்கில் நின்றது. தொண்டை கமறியது, அவ்வளவுதான் என்று சொல்லி மறுபடி ஆரம்பித்தேன். மறுபடியும் அதே இடத்தில் நின்றது. நெஞ்சில் ஒன்றும் இல்லை, காது வைத்துக் கேட்டுப் பார் என்றேன். நான் கேட்டாகிவிட்டது என்றாள். படித்தவன் நான், என் உடம்பு எனக்குத் தெரியாதா என்று கேட்டேன். அவள் சைக்கிள் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்க உட்கார்ந்துவிட்டாள். பிள்ளைகளுக்கு நடுவில் போய் எப்படிப் பிடுங்குவது?

மாத்திரையைப் போட்டுக்கொண்டு கடுப்போடு உட்கார்ந்திருந்தேன். அந்த மாத்திரை போட்டால் நெஞ்சு படபடவென்று அடிக்கும், கை நடுங்கும். மத்தியானம் லுஹர் தாண்டியதும் இழுப்பு வந்தது. வந்தது, ஆனால் முன்பு போல் இல்லை. முன்னால் குனிந்து உட்கார்ந்து, சுடுதண்ணீரை மடக்கு மடக்காகக் குடித்துக்கொண்டிருந்தேன். ஊசிக்குப் போக வேண்டி வரவில்லை. சாயங்காலம் அஸருக்குள் அடங்கிவிட்டது. அந்த நேரத்தில் நான் கருக்களாச்சேரிப் பாதையில் தூசிக்கு நடுவே, கையில் மாத்திரை இல்லாமல் தனியாக இருந்திருப்பேன். அதை அவள் சொல்லிக் காட்டவில்லை. முதுகைத் தடவிக்கொண்டே, "வந்துருச்சு, ஆனா பல்லு இல்லாம வந்துருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

அதற்குப் பிறகு சில மாதங்களில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. விடாத காய்ச்சல். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மாமி கட்டிலின் கால்மாட்டில், முக்காட்டை இழுத்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பி ஒரு முக்காலியில் உட்கார்ந்திருப்பார். அங்கே திரை இல்லையே. நான் காலையில் போனதும் மைமூன் கண்ணைத் திறக்காமலேயே, "ஓதுங்க" என்பாள். நான் வரிசை சொல்வேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் இது என்ன துஆ, என்ன வேண்டுதல் என்று கேட்டார்கள்.

ஒரு காலையில் அவள் மெலிந்து கிடப்பதைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தேன். பிஸ்டனில் நின்றுவிட்டது. மறுபடி ஆரம்பித்தேன். மறுபடியும் பிஸ்டன். பையில் மாத்திரையைத் தேடினேன். அவள் என் கையைப் பிடித்தாள்.

"மாத்திரை வேணாம். இது இழுப்பு இல்ல, அழுகை. இழுப்புன்னா தாவாக்கட்டை மொதல்ல அரிச்சிருக்கும். ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்காதீங்க. வெளிய போயி அழுதுட்டு வேலைக்குப் போங்க."

வெளியே போனேன். அழ வரவில்லை. வேலைக்குப் போனேன். சில நாளில் காய்ச்சல் இறங்கியது. பிறகு யூசுப் பூவத்துக்கு வந்தான்.

நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்கு வீடு நிறைய ஆட்கள். நீங்களும் வந்திருந்தீர்கள். உள்ளே பெண்கள் யாசீன் ஓதினார்கள். சாம்பிராணி எல்லா அறையிலும் சுழன்றது. சட்டியை வாங்கிக்கொண்டு கொல்லைக்குப் போக ஆள் இல்லை. நான் என் அறையில் அந்தப் புகையிலேயே உட்கார்ந்திருந்தேன். எழுந்து போகத் தோன்றவில்லை. சாயங்காலம் நெஞ்சை யாரோ கயிறு போட்டுக் கட்டுவது போல் இருந்தது. ஒருவழியாகத் துக்கம் வருகிறது என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால் எனக்கு நிம்மதியாகக் கூட இருந்தது. நாற்பது நாளாக மரக்கட்டையாக இருந்தவனுக்கு நெஞ்சு வலித்தால் நல்லதுதானே என்று மாத்திரையைத் தொடாமல் இருந்தேன்.

மறுநாள் காலை வேலைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். கேட்க யாரும் இல்லை என்றாலும் வாய் பழக்கத்தில் ஆரம்பித்துவிட்டது. இன்ஜெக்டர், ராக்கர், வால்வு என்று போய் கனெக்டிங்கில் நின்றது. மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி சொன்னேன். மறுபடியும் கனெக்டிங். அழுகைதான் என்று எனக்கே சொல்லிக்கொண்டு பையைத் தோளில் மாட்டினேன்.

"தம்பி."

யூசுப்பைத்தான் கூப்பிடுகிறார் என்று திரும்பிப் பார்த்தேன். அறையில் என்னைத் தவிர யாரும் இல்லை. திரை அசைந்தது. இத்தனை வருஷத்தில் என்னிடம் ஒரு சொல்லும் நேராகப் பேசாத குரல்.

"தம்பி, இது அழுகை இல்ல. நேத்துலேர்ந்து தாவாக்கட்டையச் சொறியிறீங்க. விடியக்காலத்துல இருமுனீங்க. இப்ப பிளைவீலு வரைக்கும் போவல. பையக் கீழ வச்சுட்டு மாத்திரையப் போடுங்க."

பையை இறக்கி வைத்தேன். திரையின் ஓரமாக ஒரு கை வந்தது. அதில் ஒரு டம்ளர் சுடுதண்ணீர். நகத்தில் சாம்பிராணித் தூள் ஒட்டியிருந்தது. விரல்கள் மைமூனுடைய விரல்கள் மாதிரியே நீளம். டம்ளரை வாங்கிக்கொண்டேன்.

"அவ எதுக்கு முடி காயவச்சான்னு ஆஸ்பத்திரியில வச்சுதான் எங்கிட்ட சொன்னா. நேத்து கூட்டத்துல எனக்கு நெனப்பில்லாமப் போச்சு. இனிமே அந்தச் சட்டி ஒங்க ரூமுக்கு வராது."

மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஜன்னலைத் திறந்துவிட்டு உட்கார்ந்தேன். இழுப்பு வந்தது, பல்லில்லாமல் வந்தது. அடங்கிய பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. இரண்டும் வேறு வேறு என்று அவள் சொன்னது சரி.

உங்கள் வீடுகளிலும் வளர்ந்த ஆண்களோ பெண்களோ யாராவது மாடி ஏறி வந்து எதையோ தேடுவது போல நிற்கலாம், பேச்சு நடுவில் நிற்கக் கூடாத இடத்தில் நிற்கலாம். அவர்கள் தங்களுக்கு ஒன்றும் இல்லை என்றுதான் சொல்வார்கள். அதை நம்பிவிடாமல் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கேட்டுப் பாருங்கள். மைமூன் இருந்திருந்தால் அதைத்தான் செய்திருப்பாள்.

அவளுடைய துணிமணிகளை மாமி எடுத்து வைத்திருக்கிறார். அவள் ஓதிய குர்ஆன் யூசுப்பிடம் இருக்கிறது. என்னிடம் இருப்பது அவள் ராகம் போட்டுக் கொடுத்த அந்த வரிசைதான். தினமும் காலையில் சட்டை மாட்டிக்கொண்டு சொல்கிறேன். நான் ஆரம்பித்ததும் திரைக்குப் பின்னால் அடுக்களையில் எல்லாம் நின்றுவிடுகிறது. ரிங்கு, பின்னு, கனெக்டிங் ராடு, பேரிங்கு, கிராங்கு. அந்தப் பக்கமும் ஒரு மூச்சு காத்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். பிளைவீல் வந்ததும், பாத்திரச் சத்தம் மறுபடி கேட்கிறது.